பல பொறிகளுக்கு ஒரே நிரல் தந்த கேரி கில்டால்

நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் விண்டோஸ் பொறியொன்றைத் திறந்தால், அதன் உள்வட்டு 'சி' என்னும் எழுத்தோடு காட்சி தருகிறது. ஏ எங்கே போயிற்று, பி எங்கே போயிற்று என்று முதலாண்டு மாணவர் யாரேனும் ஒருவர் கேட்பதுண்டு. அவ்விரண்டு எழுத்துகளும் ஒரு காலத்தில் ஃபிளாப்பி வட்டுகளுக்கு உரியனவாக இருந்தன. ஃபிளாப்பி மறைந்த பின்னும் அவற்றின் இருக்கை காலியாகவே கிடக்கிறது என்று ஆசிரியர் விடை கூறுவார். அந்த எழுத்து வழக்கத்தைச் சிறு கணிப்பொறிகளிடையே பரப்பியவர் யார் என்பதுவரை பேச்சு நீள்வதில்லை. அவர் பெயர் கேரி கில்டால். ஒரு மென்பொருளை ஒருமுறை எழுதிப் பல நிறுவனங்களின் பொறிகளில் நிறுவலாம் என்பதைச் சிறு கணிப்பொறி உலகில் நடத்திக் காட்டியவர் அவர். அந்தச் செயலாலேயே புகழும் பெற்றார். அந்தச் செயலாலேயே இழக்கவும் செய்தார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். கடலோடிகளின் குடும்பம். கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை அக்குடும்பம் அந்நகரில் நடத்தி வந்தது. மகனும் அப்பள்ளியில் ஆசிரியராவான் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. ஆனால் கணிதம் படிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கே இருந்த பெருங்கணிப்பொறியைக் கண்டதும் தடம் மாறிவிட்டார். நிரல் மொழிகளைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் தொகுப்பிகளைப் பற்றி ஆராய்ந்து 1972-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வின் பயனாக 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று தொகுப்பித் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பின்னாளில் அவரை வெறும் வணிகராக மட்டும் எண்ணியவர்கள் பலர். அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர், ஆராய்ச்சியாளர் என்பதை மறந்துவிட்டால் அவருடைய வாழ்க்கை நமக்கு விளங்காது.

வியட்நாம் போர்க்காலம் அது. இளைஞர்கள் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டனர். கில்டாலுக்கு, கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றும் வாய்ப்பு அமைந்தது. அங்கிருந்து வண்டியில் சென்று வரும் தொலைவில்தான் இன்டெல் நிறுவனம் இருந்தது. 1971-இல் அந்நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. விரல் நகம் அளவே உள்ள சில்லு ஒன்று ஒரு கணிப்பொறியின் மூளையாக இருக்கக்கூடும் என்ற செய்தி கில்டாலைப் பற்றிக்கொண்டது. வகுப்பு இல்லாத நாள்களில் இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகச் சென்று வந்தார். 1973-இல் நுண்செயலிகளுக்கென்றே பி.எல்./எம். என்னும் நிரல் மொழியை அவர்களுக்கு உருவாக்கிக் கொடுத்தார்.

அப்போது ஃபிளாப்பி வட்டு புதிய சரக்கு. ஷூகார்ட் நிறுவனத்திலிருந்து, சோதனைக்கு ஓட்டித் தேய்ந்த இயக்கி ஒன்று கில்டாலுக்குக் கிடைத்தது. வட்டைச் சுழற்றும் பொறி கையில் இருக்கிறது. அதைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்று இல்லை. மென்பொருளில் வல்லவரான அவருக்கு அந்தச் சுற்று பிடிபடவில்லை. நெடுங்காலம் அந்த இயக்கி அவருடைய அறையில் சும்மா கிடந்தது. கடைசியில் பல்கலைக்கழகத் தோழரான ஜான் டொரோடி கைகொடுத்தார். 1974-இல், மான்டரேக்கு அடுத்த பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், வீட்டுக் கொல்லைப்புறக் கருவிக்கொட்டகையில் அந்த வட்டு சுழன்றது. அதில் கோப்புகளை எழுதவும் படிக்கவும் கில்டால் எழுதிய அமைப்பு வேலை செய்தது. அதற்கு அவர் சூட்டிய பெயர் சி.பி./எம். (நம் ஊரில் இப்பெயரைக் கேட்டால் செங்கொடிதான் நினைவுக்கு வரும், இது வேறு.) சிறு கணிப்பொறிகளுக்கான கட்டுப்பாட்டு நிரல் என்பது அதன் பொருள். இன்டெல் நிறுவனத்தாருக்கு அதை விற்க முன்வந்தார், அவர்கள் பி.எல்./எம். மொழியைப் போற்றிய அளவுக்கு இதைப் போற்றவில்லை. ஆகவே கில்டாலும் மனைவி டோரதியும் தாமே ஒரு நிறுவனம் தொடங்கினர். இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்பது அதன் முதற்பெயர். விண்மீன் மண்டலங்களுக்கெல்லாம் பொதுவான நிறுவனமாம்! ஒரு வீட்டுக்குள் நடந்த தொழிலுக்கு இது சற்றுப் பெரிய பெயர்தான். பின்னர் முதற்சொல்லை விட்டுவிட்டு டிஜிட்டல் ரிசர்ச் என்றே வழங்கினர்.

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். 1975-க்குப் பின் ஆல்டேர், இம்சாய் எனச் சிறு கணிப்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலவற்றிலும் ஒரே இன்டெல் 8080 சில்லுதான். ஆயினும் ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. ஒரே ஆலையில் வார்த்த எஞ்சினைப் பத்துப் பட்டறைக்காரர்கள் வாங்கிப் பத்து வகை வண்டி கட்டினால், ஒன்றின் பிரேக் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பிரேக் இராதல்லவா? அதுபோல விசைப்பலகை எந்தத் துறையில் இணைக்கப்பட்டிருக்கிறது, திரைக்கு எழுத்தை எப்படி அனுப்புவது, வட்டின் தலையை எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறுபட்டன. நிரல் எழுதுபவர் இவற்றையெல்லாம் தம் நிரலுக்குள்ளேயே எழுத வேண்டியிருந்தது. அடுத்த நிறுவனத்தின் பொறிக்கு அதை எடுத்துச் செல்ல வேண்டுமானால் பாதியைக் கிழித்துப்போட்டு மீண்டும் எழுத வேண்டும்.

கில்டாலே இந்தத் தொல்லைக்கு ஆளானார். டொரோடியின் பொறிக்கு ஒருமுறை, ஓம்ரான் நிறுவனத்தின் முனையத்துக்கு ஒருமுறை, லிவர்மோர் ஆய்வகத்துக்கு ஒருமுறை என்று சி.பி./எம். அமைப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1976-இல் இம்சாய் நிறுவனத்தார், கிளென் யூயிங் என்பவர் வாயிலாக, தங்கள் பொறிக்கும் வேண்டும் என்று வந்து நின்றபோது அவர் சலித்துப் போயிருந்தார். அந்தச் சலிப்பில் பிறந்ததுதான் அவருடைய மிகப் பெரிய படைப்பு. பொறிக்குப் பொறி மாறுகின்ற பகுதிகளை மட்டும் தனியே வெட்டி எடுத்து ஒரு சிறு பெட்டியில் வைத்தார். அதற்குப் பயாஸ் என்று பெயர். எஞ்சிய பெரும்பகுதி எந்தப் பொறியிலும் மாறாது. புதிய கணிப்பொறி செய்பவர் அந்தச் சிறு பெட்டியை மட்டும் தம் பொறிக்கேற்ப எழுதிக்கொண்டால் போதும், சி.பி./எம். முழுவதும் அங்கே குடியேறிவிடும். சி.பி./எம். 2.2 பதிப்பில் அந்தப் பெட்டிக்குள் இருந்த வேலைகள் 17 மட்டுமே. ஓர் எழுத்தை விசைப்பலகையிலிருந்து வாங்கு, ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்பு, வட்டின் இந்தத் தடத்துக்குப் போ, இந்தப் பகுதியைப் படி, இந்தப் பகுதியை எழுது என்பன போன்றவை. இம்சாய் நிறுவனம் 1977-இல் 25,000 டாலர் கொடுத்து உரிமம் பெற்றது.

நிரல் எழுதுபவர் பக்கத்தில் அவர் செய்த ஏற்பாடு இதைவிட எளியது. கணிப்பொறியின் நினைவகம் ஒருவரிடம் 16 கிலோபைட் இருக்கும். மற்றொருவரிடம் 64 இருக்கும். சி.பி./எம். நினைவகத்தின் உச்சியில் போய் அமர்ந்துகொள்ளும்; ஆகவே அது இருக்கும் இடம் பொறிக்குப் பொறி மாறும். ஆனால் 5 என்னும் முகவரி எல்லாப் பொறியிலும் உண்டு. தமக்கு வேண்டிய வேலையின் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த ஐந்தாம் முகவரியைத் தட்டினால் போதும். அங்கே எழுதப்பட்டுள்ள தாவல் ஆணை நம்மை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாலுகா அலுவலகத்தில் ஐந்தாம் எண் சன்னலில் மனுவைக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே எழுத்தர் எந்த மேசையில் அமர்ந்திருக்கிறார் என்பது மனுதாரருக்குத் தெரிய வேண்டியதில்லை. இன்ன எண் என்றால் எழுத்தை அச்சிடு, இன்ன எண் என்றால் கோப்பைத் திற என்ற பட்டியல் கையேட்டில் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருந்தது. நிரல்களும் எல்லாப் பொறியிலும் நினைவகத்தின் 256-ஆம் இடத்திலிருந்தே தொடங்கின.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலி, டிபேஸ் என்னும் தரவுத்தள நிரல், பலவகை மொழித் தொகுப்பிகள் ஆகியவற்றை எழுதியவர்கள், தங்கள் சரக்கை யார் செய்த பொறிக்கு என்று கேளாமல் விற்கலாயினர். 1981-இல் சுமார் 3,000 வகைக் கணிப்பொறிகளில் சி.பி./எம். ஓடியது. ஆப்பிள் கணிப்பொறியின் சில்லே வேறு. அதிலும் கூட, 1980-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விற்ற இணைப்பட்டை ஒன்றைச் செருகிச் சி.பி./எம். நிரல்களை ஓட்டினர்.

எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டு முட்டுக்கட்டைகளைக் கில்டாலின் பயாஸ் அகற்றவில்லை. முதலாவது, திரை. எழுத்தைத் திரைக்கு அனுப்பச் சி.பி./எம். வழி செய்தது, ஆனால் திரையைத் துடைக்கவும், குறிமுள்ளை இன்ன வரிக்கு நகர்த்தவும் ஒவ்வொரு முனையமும் ஒவ்வொரு குறியீட்டை எதிர்பார்த்தது. ஆகவே வேர்டுஸ்டார் வட்டில் இன்ஸ்டால் என்ற பெயரிலேயே ஒரு துணை நிரல் இருந்தது. அதை முதலில் ஓட்டினால் முனையங்களின் பட்டியல் வரும். நம்முடையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் முனையத்தின் கையேட்டைப் புரட்டிக் குறியீடுகளை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டாவது, வட்டு. எட்டு அங்குல வட்டுக்குப் பொதுவான ஓர் அமைப்பு இருந்தது. ஐந்தேகால் அங்குல வட்டு வந்தபோது நிறுவனத்துக்கு ஒரு விதமாகத் தடங்களை வகுத்தனர். ஆஸ்போர்ன் பொறியின் வட்டைக் கேப்ரோ பொறி தானாகப் படிக்காது. நிரல் ஒன்றே, ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாத்திரம் வேறு வேறு. மென்பொருள் விற்றவர்கள் ஒரே நிரலைப் பல வகை வட்டுகளில் படியெடுத்து வைத்து விற்க நேர்ந்தது. இன்று ஒரே செயலியை விண்டோஸ் பொறிக்கு ஒரு கோப்பாகவும் லினக்ஸ் பொறிக்கு ஒரு கோப்பாகவும் தனித்தனியே இறக்கிக்கொள்ளும் நமக்கு இது முற்றிலும் அன்னியமான துன்பம் அன்று.

1980-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. கில்டாலைப் பற்றி ஒன்றே ஒன்று அறிந்தவர்களும் இதைத்தான் அறிந்திருப்பர். ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணிப்பொறிக்கு இயக்க அமைப்பு தேடியது. மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பினார். அவர்கள் பசிபிக் குரோவுக்கு வந்த நாளில் கில்டால் தம் விமானத்தில் பொழுதுபோக்காகப் பறந்து கொண்டிருந்தார். ஆகவே பெருஞ்செல்வத்தை இழந்தார் என்பது வழங்கிவரும் கதை. உண்மையில் அவர் அன்று பறந்தது ஒரு வாடிக்கையாளரைக் காண, தொழில் நிமித்தமாக. ஒப்பந்தங்களைக் கவனிப்பவர் டோரதியே. தாம் காட்டுவதையெல்லாம் கமுக்கமாக வைத்திருக்க வேண்டும், தமக்குக் காட்டப்படுவதைத் தாம் அப்படி வைத்திருக்க வேண்டியதில்லை என்னும் போக்கில் அமைந்த ஐ.பி.எம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர் தயங்கினார். கில்டால் பிற்பகலில் திரும்பிவந்து அவர்களைச் சந்தித்தார் என்பது அவர் தரப்பு. சந்திக்கவில்லை என்பது ஐ.பி.எம். தரப்பில் சிலர் கூற்று. எதுவாயினும், ஒரு பொருளை மொத்தமாக ஒரு தொகைக்கு எழுதிக் கொடுத்துவிடக் கில்டால் விரும்பவில்லை என்பதும், ஐ.பி.எம். அதையே விரும்பியது என்பதும் பிணக்கின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. விமானத்தின் மேல் பழியைப் போடுவது கதை சொல்ல வசதி, அவ்வளவுதான்.

இதற்கிடையில் சியாட்டிலில் வேறொன்று நடந்து கொண்டிருந்தது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் இன்டெலின் புதிய 8086 சில்லை வைத்துப் பொறி செய்திருந்தது. அதற்கேற்ற சி.பி./எம். வரும் வரும் என்று காத்திருந்தது, வரவில்லை. பொறுமையிழந்த அந்நிறுவனத்துப் பொறியாளர் டிம் பேட்டர்சன், 1980-இல் தாமே ஒரு சிறு அமைப்பை எழுதினார். சி.பி./எம். நிரல்களை எளிதாகப் புதிய பொறிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் நோக்கம். எனவே கையேட்டில் அச்சாகியிருந்த பட்டியலை அப்படியே பின்பற்றினார். அதே வேலை எண்கள்; அதே ஐந்தாம் முகவரி; நிரல் தொடங்க அதே 256-ஆம் இடம்; ஒரு சொற்றொடர் முடிந்தது என்பதைக் காட்ட, கில்டால் பயன்படுத்திய அதே டாலர் குறி. கோப்புகளை வட்டில் வைக்கும் முறை மட்டும் வேறு. மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. 1981 ஆகஸ்ட் 12-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் அதுவே டாஸ் என்று குடியேறியது.

கில்டால் கொதித்தார். தம் வீட்டைப் பார்த்து அப்படியே வீடு கட்டிவிட்டார்கள் என்று அவர் கருதினார். பிற்காலத்தில், 2012-இல், இரண்டு நிரல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர் வரிகள் களவாடப்பட்டதற்குச் சான்று காணவில்லை. களவு நடக்கவும் தேவையில்லை என்பதே இங்கே கசப்பான உண்மை. உள்ளே யார் இருக்கிறார் என்று கேளாமல் சன்னலில் மனுவைக் கொடுக்கலாம் என்னும் ஏற்பாட்டால்தான் நிரல்கள் 3,000 பொறிகளில் ஓடின. அதே ஏற்பாட்டால்தான், உள்ளே வேறொருவர் வந்து அமர்ந்தபோதும் மனுதாரர்கள் கவலைப்படவில்லை. இயக்க அமைப்பின் வெளித்தோற்றத்துக்கு எந்த அளவு சட்டப் பாதுகாப்பு உண்டு என்பது அன்று தெளிவாகவும் இல்லை. அவர் வழக்குக்குப் போகவில்லை. சி.பி./எம். அமைப்பையும் சேர்த்து விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது. 1982-இல் அது கடைக்கு வந்தபோது டாஸின் விலை 40 டாலர், சி.பி./எம். விலை 240 டாலர். வாங்குபவர் எதை எடுத்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ?

அதன் பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஸ்டூவர்ட் சைஃபெட்டுடன் அமர்ந்து, அமைதியான குரலில் கணிப்பொறியை விளக்கினார். பழைய ஆசிரியர் அங்கே மீண்டும் வெளிப்பட்டார். தம் போட்டியாளர்களின் சரக்குகளைக்கூட அதில் நடுநிலையோடு பேசினார். அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் 1985-இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தைக் குறுவட்டில் அடக்கியது. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 1988-இல் டி.ஆர்.டாஸ் என்னும் அமைப்பை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் டாஸுக்கு எழுதப்பட்ட நிரல்களை மாற்றமின்றி ஓட்டும் அமைப்பு அது. அதாவது, தம் சன்னலைப் பார்த்துப் பிறர் வைத்த சன்னலுக்குப் பின்னால் இப்போது அவர் நிறுவனமே போய் அமர்ந்தது! 1991-இல் நோவெல் நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச்சை விலைக்கு வாங்கியது. கில்டாலுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. விமானங்களும் வேகக் கார்களும் படகும் இருந்தன. ஆனால் எங்கே போனாலும் அந்த ஒரு நாளைப் பற்றியே கேட்டார்கள். டோரதியுடனான மணவாழ்க்கை 1983-இலேயே முறிந்திருந்தது. இறுதி ஆண்டுகளில் குடிப்பழக்கம் அவரை வாட்டியது.

1994 ஜூலை மாதம் மான்டரேயில் ஓர் உணவு விடுதியில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து, 11-ஆம் நாள் இறந்தார். அடிபட்டது எவ்வாறு என்பது இறுதிவரை தெளிவாகவில்லை. வயது 52. சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

இறப்பதற்கு முன் தம் வாழ்க்கையை எழுதி, சில படிகள் மட்டும் எடுத்து நெருங்கிய நண்பர்களுக்குக் கொடுத்திருந்தார். அதன் முற்பகுதியை மட்டும், கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வாயிலாக, அவருடைய மக்கள் 2016-இல் வெளியிட்டனர். கசப்பும் நோயும் மிகுந்த காலத்தில் எழுதப்பட்ட பிற்பகுதி தங்கள் தந்தையின் உண்மையான இயல்பைக் காட்டவில்லை என்று கருதி அதை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டனர். பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின் முன், 2014-இல் மின்பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ. ஒரு வெண்கலப் பட்டயம் பதித்தது. 1974-இல் அவ்வூரில் சி.பி./எம். முதன்முதலாக இயங்கிய செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.